துர்ன் உண்ட் தாக்சிஸ் அஞ்சல்: ஒரு குடும்பத் தொழில் 377 ஆண்டுகள் நின்றதும் முடிந்ததும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்

1490 முதல் 1867 வரை, ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் பெரும்பகுதியிலும் அவற்றைச் சூழ்ந்த பல நாடுகளிலும் கடிதங்களைச் சுமந்தது ஒரு தனிக் குடும்பம். இத்தாலிய மலைக்கிராமம் ஒன்றில் தாஸ்ஸோ என்ற பெயரில் தொடங்கிய அந்தக் குடும்பம், தாக்சிஸ் என்றும் பிறகு துர்ன் உண்ட் தாக்சிஸ் என்றும் பெயர் பெற்று இளவரசர் தகுதிவரை உயர்ந்தது. அது ஓட்டிய சாலைகளில் பெரும்பாலானவை பிறர் நாட்டுச் சாலைகள். குதிரைகள் வழிநெடுக இருந்த நிலையக்காரர்களுடையவை. அவர்களுடைய வீடும் தொழுவமும் விடுதியுமே அஞ்சல் நிலையங்களாயின. குடும்பத்தின் கையில் இருந்தவை இரண்டு: குறித்த நேரத்தில் பையைக் கைமாற்றும் ஒழுங்கு ஒன்று, அந்த ஒழுங்கை நடத்தும் உரிமையைத் தந்த அரச சாசனம் மற்றொன்று. இவை இரண்டும் ஒன்றையொன்று தாங்கிய காலத்தில் தொழில் எப்படி வளர்ந்தது, சாசனம் கொடுத்த அரசே இல்லாமற்போனபோது என்ன நேர்ந்தது என்பதைக் காலவரிசையில் பதிவுசெய்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

குடும்பத் தலைவர்களின் பெயர்கள் வரலாற்றில் பதிவானவை. அவற்றை அப்படியே தருகிறேன். ஆனால் இந்த நிகழ்வில் உண்மையான சுமையைத் தாங்கிய நிலையக்காரர்களும் சவாரிக்காரர்களும் ஏறக்குறைய அனைவருமே பெயரற்றவர்கள். அவர்களை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொன்னால், அது வெறும் பட்டங்களின் பட்டியலாகிவிடும்.

பின்னணி

பெர்காமோ நகருக்கு வடக்கே, பிரெம்போ ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொர்னெல்லோ என்ற சிற்றூர் இருக்கிறது. மலைப்பாதையை ஒட்டிய அந்த ஊரிலிருந்து தாஸ்ஸோ குடும்பத்தினர் 13ஆம் நூற்றாண்டு முதலே தூதோட்டத் தொழிலுக்குச் சென்றார்கள். வெனிஸ் குடியரசின் தூதர் கூட்டமைப்பில் பெர்காமோ பகுதியினருக்குச் சிறப்பான இடம் இருந்தது. தாஸ்ஸோ என்ற இத்தாலியச் சொல் தரைக்கரடி எனப்படும் விலங்கைக் குறிக்கும். இளவரசர்களான பின்னும் அந்த விலங்கை அவர்கள் தம் சின்னத்திலிருந்து நீக்கவில்லை.

தொழில் குடும்பத்திடம் இருந்தது. வாய்ப்பு ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் தேவையிலிருந்து வந்தது. 1477இல் பர்கண்டி இளவரசி மேரியை மணந்த மாக்ஸிமிலியன், அந்த மணத்தால், இன்றைய பெல்ஜியமும் அடங்கிய நெதர்லாந்து நிலங்களோடு உறவு பெற்றார். 1490இல் டிரோல் நாடும் அவர் கைக்கு வந்தது. ஒரு நிலத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையும் பல சிற்றரசுகளும் கிடந்தன. பிரான்சோ பகை நாடு. தனித்தனியாக நியமிக்கப்பட்ட தூதர் ஒருவர் அந்தத் தொலைவு முழுவதையும் தாமே கடந்து கடிதம் சேர்ப்பதற்குள், கடிதத்தில் எழுதிய நிலைமையே மாறிப்போயிருக்கும். ஆகவே 1490இல் தாக்சிஸ் குடும்பத்தினர் மாக்ஸிமிலியனுக்காக இன்ஸ்புரூக்கிலிருந்து மெக்கலன் வரை ஓர் அஞ்சல் வழியை அமைத்தார்கள். மெம்மிங்கன் நகரின் வரலாற்றுக் குறிப்பேடு அந்த ஆண்டின் நிகழ்வுகளில் இந்தப் புதிய ஏற்பாட்டைக் குறிப்பிடுகிறது.

இதன் அடிப்படை எளியது. ஒரே ஆள் முழுத்தொலைவும் போவதில்லை. நிலையத்துக்கு நிலையம் குதிரையும் ஆளும் மாறும், பை மட்டும் நிற்காமல் போகும். நம் விளையாட்டுத் திடல்களில் அஞ்சல் ஓட்டம் என்று சொல்கிறோமே, அதே முறைதான். தொடக்கத்தில் நிலையங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. வேகம் கூட வேண்டிய இடங்களில் பின்னர் இடைவெளி குறைக்கப்பட்டது.

முதல் முடிவு: நேரத்தை விற்பது

மாக்ஸிமிலியன் எப்போதும் பணத்தட்டுப்பாட்டில் இருந்த மன்னர். அஞ்சலுக்கான பணம் அவரிடமிருந்து ஒழுங்காக வரவில்லை. குடும்பத்தின் தொழிலை உண்மையில் நிறுவியவராகக் கருதப்படும் ஃப்ரான்ஸ் ஃபொன் தாக்சிஸ், செல்வம் மிகுந்த நெதர்லாந்துப் பக்கம் திரும்பினார். மாக்ஸிமிலியனின் மகன் பிலிப் 1501இல் அவரைத் தம் அஞ்சல்களின் தலைவராக்கினார். பிரசல்ஸ் தொழிலின் மையமாயிற்று.

1505 ஜனவரி 18இல் பிலிப்புடன் ஃப்ரான்ஸ் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இந்த நிகழ்வின் முதல் திருப்பமாகக் கருதுகிறேன். ஆண்டுக்கு 12,000 லிவர் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை நேரத்தில் கடிதம் சேரும் என்று அவர் எழுத்தில் உறுதி கொடுத்தார். பிரசல்ஸிலிருந்து இன்ஸ்புரூக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள். பாரிஸுக்கு 44 மணி நேரம், குளிர்காலத்தில் 54. ஸ்பெயினின் டொலேடோவுக்கு 12 நாள், தென்கோடியிலுள்ள கிரனாடாவுக்கு 15 நாள். பிலிப்பின் மகன் சார்ல்ஸ் ஸ்பெயினின் மன்னரானதும், 1516இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதில் நேரங்கள் இன்னும் இறுகின: இன்ஸ்புரூக்குக்கு ஐந்து நாள், பாரிஸுக்கு 36 மணி நேரம். புதிதாக ரோமும் நேப்பிள்ஸும் சேர்ந்தன. ரோமுக்குக் கோடையில் பத்தரை நாள் என்று குறிக்கப்பட்டது.

குளிர்காலத்துக்கென்று தனிக்கணக்கு இருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். பனி மூடிய கணவாயில் குதிரை என்ன வேகத்தில் நடக்கும் என்று அறிந்தவர் எழுதிய கணக்கு அது. ஆளுபவரை மகிழ்விப்பதற்காக எழுதிய கணக்கு அன்று. நிறைவேற்ற முடிந்ததை மட்டும் எழுத்தில் கொடுத்ததே ஃப்ரான்ஸின் தொழில் அறிவுக்குச் சான்று.

இந்த உறுதியைக் காத்த கருவி ஒரு காகிதத் துண்டு. பையோடு ஒரு நேரச்சீட்டும் போகும். ஒவ்வொரு நிலையக்காரரும் பை தம்மிடம் வந்த நாளையும் மணியையும் அதில் தம் கையால் எழுத வேண்டும். தாமதம் எந்த நிலையத்தில் ஏற்பட்டது என்பது கடைசி ஊரில் சீட்டைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். அவசரக் கடிதங்களின் மேல் ‘விரைவாக, விரைவாக’ என்று இலத்தீனில் பலமுறை எழுதுவார்கள். சிலவற்றில் தூக்குமரத்தின் படமும் வரைந்திருக்கும். படிக்கத் தெரியாத சவாரிக்காரருக்கும் அதன் பொருள் விளங்கும். இருளில் ஊர்க்கதவைத் திறக்கவும், எதிரே வரும் வண்டி விலகவும், அடுத்த நிலையத்தில் குதிரைக்குச் சேணம் ஏற்றி ஆயத்தமாக வைக்கவும் அவர்கள் ஊதிய கொம்பு, பின்னர் பல ஐரோப்பிய நாடுகளில் அஞ்சல் துறையின் சின்னமாயிற்று.

இரண்டாம் முடிவு: மக்கள் கடிதங்களை ஏற்பது

ஃப்ரான்ஸ் 1517இல் இறந்தார். அவர் ஆணையிட்டு நெய்வித்த திரைச்சீலைகளில், பிரசல்ஸ் சாப்லோன் கோயிலின் மாதா முன் அவர் மண்டியிட்டிருக்கும் உருவம் உண்டு. அரசர்களோடு ஒரே சீலையில் ஓர் அஞ்சல்காரர். அவருடைய அண்ணன் மகன் யோஹான் பாப்டிஸ்டா தலைமையில் தொழில் விரிந்தது.

ஒப்பந்தங்கள் அரசரின் கடிதங்களுக்காக எழுதப்பட்டவை. ஆனால் அரசர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நிலையத்தில் குதிரை தீவனம் தின்றுகொண்டுதான் நிற்கும். பாதி காலியாக ஓடும் பையில் வணிகரின் கடிதத்தையும் போட்டால் கூடுதல் செலவு ஏதுமில்லை. வருவது முழுவதும் வரவு. 1530களில், குறித்த கிழமையில் புறப்பட்டுக் குறித்த கிழமையில் சேரும் வழக்கமான அஞ்சல் உருவானது. ஆக்ஸ்பர்க்கின் வணிகக் குடும்பங்களும் வெனிஸின் கடைக்காரர்களும் கட்டணம் செலுத்தி அதைப் பயன்படுத்தினார்கள். கடிதம் எந்த நாளில் புறப்படும் என்று பொதுமக்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் நிலை இவ்வாறு வந்தது. 1605இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தொடங்கிய வார இதழும், அதன் பின்னர் வந்த ஜெர்மன் செய்தித்தாள்களும், வாரம் தவறாமல் செய்தி கொண்டுவந்த இந்த அஞ்சலை நம்பியே அச்சேறின.

அன்று இதை ஒரு துணை வருமானமாகவே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். குடும்பத்தைக் காப்பாற்றிய முடிவு இதுதான் என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

முதல் நெருக்கடி: கூலி வராத நிலையக்காரர்கள்

அஞ்சல் வழியின் பெரும்பகுதி ஜெர்மன் மண்ணில் ஓடியது. அதற்கான பணமோ ஸ்பெயினின் கருவூலத்திலிருந்து வந்தது. 1557இல் ஸ்பெயின் அரசு தன் கடன்களைத் தீர்க்க முடியாது என்று அறிவித்தது. 1575இல் மீண்டும் அதே நிலை. இடையில், 1560களின் இறுதியில், நெதர்லாந்தில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. தலைமை அஞ்சலராக இருந்த லியோன்ஹார்ட் ஃபொன் தாக்சிஸுக்கு வரவேண்டிய தொகை வரவில்லை. ஆகவே வழிநெடுக இருந்த நிலையக்காரர்களுக்குப் போகவேண்டியதும் போகவில்லை.

இவர்கள் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். வூர்ட்டம்பெர்க்கின் ஓர் ஊரில் விடுதி நடத்தும் ஒருவர், தம் சொந்தப் பணத்தில் குதிரை வாங்கி, தம் சொந்த வைக்கோலை அதற்குப் போட்டு, தம் மகனையோ கூலி ஆளையோ நள்ளிரவில் எழுப்பிப் பையோடு அனுப்புகிறார். பிரசல்ஸிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வருவது வாக்குறுதி மட்டும். 1570களின் இறுதியில் அவர்களில் பலர் சவாரியை நிறுத்தினார்கள். வழி பல இடங்களில் அறுந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. நேரச்சீட்டில் கையெழுத்து வாங்கத் தெரிந்த நிர்வாகம், கூலிச்சீட்டில் கையெழுத்து வாங்கும் கடமையை விட்டுவிட்டது.

தொழிலில் விரிசல் கண்டதும் போட்டி நுழைந்தது. நகரங்கள் தங்கள் தூதர்களை அனுப்பின. தென்ஜெர்மனியில், கால்நடை வாங்க ஊர் ஊராகக் குதிரையில் போகும் இறைச்சிக்கடைக்காரர்கள் கடிதங்களையும் சுமந்தார்கள். ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், அஞ்சலைச் சீரமைக்கும் பொறுப்பைக் கொலோன் நகர அஞ்சல் தலைவர் யாக்கோப் ஹெனோட்டிடம் கொடுத்தார். தாக்சிஸ் குடும்பம் முற்றாக வெளியேற்றப்படும் என்று தோன்றிய காலம் அது.

மீட்சி வந்த வழி: குடும்பம் ஸ்பெயினின் பணத்தை மட்டும் சார்ந்திராமல், அந்தப் பேரரசின் சாசனத்தைத் தேடியது. 1595இல் ருடால்ஃப், முதுமையெய்திவிட்ட லியோன்ஹார்ட்டைப் பேரரசின் தலைமை அஞ்சலராக நியமித்தார். 1597இல் அஞ்சல் பேரரசருக்கே உரிய சிறப்புரிமை என்று அறிவித்து, பிற தூதர்கள் அஞ்சல் நடத்துவதைத் தடைசெய்தார். இந்த ஏற்பாட்டில் பேரரசர் பணம் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. உரிமையை மட்டும் தந்தார். பணம் கடிதம் அனுப்பும் மக்களிடமிருந்து வரவேண்டும். 60 ஆண்டுகளுக்கு முன் மக்கள் கடிதங்களை ஏற்கத் தொடங்கியிராவிட்டால், இந்தச் சாசனம் வெறும் தோலில் எழுதிய எழுத்தாகவே இருந்திருக்கும்.

மானியமும் ஒரு பெண்ணின் 18 ஆண்டுகளும்

1615இல் பேரரசர் மத்தியாஸ், தலைமை அஞ்சலர் பதவியை லாமோரால் ஃபொன் தாக்சிஸுக்குப் பரம்பரை மானியமாக ஆக்கினார். அதற்கு ஈடாகப் பேரரசவையின் கடிதங்களைக் கட்டணமின்றிச் சுமக்கவும், நியூரம்பெர்க் வழியாகப் பொஹிமியாவை இணைக்கும் புதிய வழியைத் தம் சொந்தச் செலவில் அமைக்கவும் குடும்பம் ஒப்புக்கொண்டது. அரசுக்கு இலவசம், மக்களுக்குக் கட்டணம், பிறருக்குத் தடை. அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குத் தொழிலின் கணக்கு இதுவே.

அடுத்த மூன்றாம் ஆண்டே முப்பதாண்டுப் போர் தொடங்கியது. 1628இல் தலைமை அஞ்சலர் இரண்டாம் லியோன்ஹார்ட் இறந்தபோது மகன் சிறுவன். கைம்பெண்ணான அலெக்ஸாண்ட்ரின் தாமே பொறுப்பேற்று 1646 வரை தலைமை அஞ்சலராக இருந்தார். 1631இல் சுவீடனின் படை பிராங்க்ஃபர்ட்டைப் பிடித்தது. தாக்சிஸ் குடும்பத்தால் முன்பு விலக்கப்பட்ட புராட்டஸ்டன்ட் அஞ்சலர் யோஹான் ஃபொன் டென் பிர்க்டன், சுவீடன் மன்னரின் ஆதரவோடு மீண்டும் பதவிக்கு வந்தார். 1634இல் நோர்ட்லிங்கன் போரில் சுவீடன் தோற்றதும் அந்த அஞ்சல் சரிந்தது. அலெக்ஸாண்ட்ரினின் நிலையங்கள் திரும்பின. படைகள் குதிரைகளைப் பறித்துக்கொண்டுபோன, ஊர்களே எரிந்துபோன ஆண்டுகளில் ஓர் அஞ்சல் வலையைப் பிரசல்ஸிலிருந்து கட்டிக்காத்தது இந்தக் குடும்ப வரலாற்றின் மிகக் கடினமான வேலை. பட்டங்களை வாங்கிய ஆண்களுக்குக் கிடைத்த கவனம் இவருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

போருக்குப் பின் குடும்பம் தன் பெயரை மாற்றியது. மிலானை ஒரு காலத்தில் ஆண்ட டெல்லா டோர்ரே குலத்தின் வழிவந்தவர்கள் என்று வமிசாவளி எழுதப்பட்டது. டோர்ரே என்றால் கோபுரம், ஜெர்மனில் துர்ன். 1650இல் பேரரசர் அனுமதி பெற்றுத் துர்ன் உண்ட் தாக்சிஸ் என்று ஆனார்கள். இந்த வமிசாவளியைப் பிற்கால வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. ஆயினும் தேவை உண்மையானது: மானியத்தைக் காக்கப் பேரரசவையில் பேச வேண்டும், பேசப் பழங்குடிப் பெருமை வேண்டும். 1681இல் ஸ்பெயினும் 1695இல் பேரரசரும் இளவரசர் பட்டம் அளித்தார்கள்.

இதே காலத்தில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. பிராண்டன்பெர்க்கின் ஃபிரெடரிக் வில்லியம், மேமெல் முதல் கிளீவ் வரை தம் நிலங்களை இணைக்கும் அரசு அஞ்சலை 1649 முதல் நடத்தத் தொடங்கினார். பேரரசரின் தடையை அவர் பொருட்படுத்தவில்லை. நிலம் உள்ளவர் தாமே அஞ்சல் நடத்தலாம் என்பதை இது காட்டியது. 1867இல் தாக்சிஸ் தொழிலை எடுத்துக்கொண்ட பிரஷ்யா, இந்த அரசின் வழித்தோன்றலே.

18ஆம் நூற்றாண்டு: உயர்ந்த நாற்காலியும் பிரிக்கப்பட்ட உறைகளும்

ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் பிரசல்ஸ் கைவிட்டுப்போகவே, குடும்பம் 1702இல் பிராங்க்ஃபர்ட்டுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1730களில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரொபேர் டி கோத்தின் வரைவில் அரண்மனை எழுந்தது. 1748இல், பேரரசின் நிலையான பேரவை கூடும் ரேகன்ஸ்பர்க்குக்கு மாறினார்கள். பேரவையில் பேரரசரின் பேராளராக இருக்கும் பதவி 1806 வரை மூன்று தலைமுறைகளாக அவர்களிடம் இருந்தது. விருந்துகளுக்கும் நாடகங்களுக்கும் வேட்டைகளுக்கும் ஆன பெருஞ்செலவை அஞ்சல் கட்டணமே தாங்கியது. பேரரசோடு உறவு நெருங்க நெருங்க மானியம் உறுதிப்படும் என்பது அவர்கள் கணக்கு. அன்றைய நிலையில் அது பிழையான கணக்கும் அன்று.

ஆனால் அந்த நெருக்கத்துக்கு அவர்கள் கொடுத்த விலையை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. சில பெரிய அஞ்சலகங்களில், பேரரசரின் அவை இருந்த வியன்னாவுக்காகக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் மறைவான அறைகள் இயங்கின. முத்திரையை வெப்பத்தால் நெகிழ்த்தி, உறையைத் திறந்து, படியெடுத்து, பழையபடி ஒட்டி அடுத்த பையில் சேர்ப்பார்கள். கட்டணம் செலுத்தியவர் தம் கடிதம் தீண்டப்படாமல் போகும் என்று நம்பித்தான் செலுத்தினார். அந்த நம்பிக்கை உடைந்ததை நேரச்சீட்டு பதிவுசெய்யாது. அந்தக் கணக்கு வேறெங்கோ ஏறிக்கொண்டிருந்தது. நூறு ஆண்டு கழித்து, 1851 முதல் 1859 வரை பிராங்க்ஃபர்ட்டில் பிரஷ்யத் தூதராக இருந்த பிஸ்மார்க், தாக்சிஸ் அஞ்சல் ஆஸ்திரியாவின் காதாக இருக்கிறது என்ற ஐயத்திலேயே தம் கடிதங்களை அனுப்பினார்.

இரண்டாம் நெருக்கடி: சாசனம் கொடுத்த பேரரசு மறைதல், 1801–1815

பிரெஞ்சுப் படைகள் ரைன் நதியின் இடக்கரையை எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த அஞ்சல் வருமானம் போயிற்று. 1803இல் பேரரசு பிறப்பித்த இழப்பீட்டு ஆணைப்படி பூஹாவ், மார்ஹ்டால், நெரெஸ்ஹைம் ஆகிய மடங்களின் நிலங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தன. 1806இல் பேரரசே கலைந்தது. மானியம் கொடுத்தவர் இல்லாத மானியம் எஞ்சியது. வூர்ட்டம்பெர்க் உடனே அஞ்சலைத் தனதாக்கியது. பவேரியா 1808இலும் பாடன் 1811இலும் அவ்வாறே செய்தன.

இந்த இடத்தில் இளவரசர் கார்ல் அலெக்ஸாண்டரைவிட அவருடைய மனைவி தெரேஸ் முன்னே நின்றார். பிரஷ்ய அரசி லூயிஸாவின் அக்காவான அவர், அரசவைகளில் தமக்கிருந்த உறவுகளைப் பயன்படுத்தி ஒவ்வோர் அரசோடும் பேசினார். வியன்னா மாநாட்டிலும் குடும்பத்தின் உரிமைக்காக உழைத்தார். கலைந்த பேரரசின் இடத்தில் ஜெர்மன் அரசுகள் சேர்ந்து அமைத்த ஜெர்மன் கூட்டமைப்பின் 1815ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேறு உடன்பாடு ஏற்படும்வரை தாக்சிஸ் அஞ்சல் தொடரலாம் என்றும், அஞ்சலை எடுத்துக்கொள்ளும் அரசு இழப்பீடு தரவேண்டும் என்றும் உறுதி அளித்தது.

இந்தப் பேச்சுகளில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. இழந்த ஒவ்வொரு வழிக்கும் ஈடாக அவர்கள் பெரும்பாலும் நிலத்தையும் கட்டடத்தையும் வாங்கினார்கள். பவேரியாவிடமிருந்து 1812இல் ரேகன்ஸ்பர்க்கின் புனித எம்மெராம் மடம். ரைன்லாந்து வழிகளுக்காகப் பிரஷ்யாவிடமிருந்து 1819இல் போசன் பகுதியின் குரோட்டோஷின் பெருநிலம். சாசனத்தை மண்ணாக மாற்றிக்கொண்டே வந்தார்கள் என்று சொல்லலாம். அஞ்சல் முடிந்த பிறகும் குடும்பம் முடியாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

கடைசி அரைநூற்றாண்டு

1815க்குப் பின் தொழிலின் தலைமையகம் பிராங்க்ஃபர்ட். ஹெஸ்ஸன் நாடுகள், நாஸாவ், துரிங்கியச் சிற்றரசுகள் முதலியவற்றில் தாக்சிஸ் அஞ்சலே ஓடியது. ஹாம்பர்க், பிரேமன், லூபெக் நகரங்களிலும் அதன் அலுவலகங்கள் இருந்தன. வூர்ட்டம்பெர்க் 1819இல் அஞ்சலைத் திருப்பிக் கொடுத்து, 1851இல் இழப்பீடு தந்து மீண்டும் பெற்றுக்கொண்டது.

அவர்கள் பணிபுரிந்த நாடுகளின் சிதறல் அஞ்சல்தலையிலேயே தெரிகிறது. 1852 ஜனவரி 1இல் தாக்சிஸ் அஞ்சல் தன் முதல் அஞ்சல்தலைகளை வெளியிட்டபோது, ஒரே நிறுவனம் இரண்டு வரிசைகளை அச்சிட வேண்டியிருந்தது. வடக்கே தாலர் நாணயம் வழங்கியதால் சில்பர்குரோஷன் தலைகள், எண் சதுரத்துக்குள். தெற்கே குல்டன் வழங்கியதால் குரோய்ட்சர் தலைகள், எண் வட்டத்துக்குள். எந்த அரசரின் முகத்தையும் போட இயலாது, ஏனெனில் அந்த நிலங்கள் எல்லாம் ஒரே முடிக்குக் கட்டுப்பட்டவை அல்ல; ஆகவே நடுவில் பெரிய எண் மட்டும். அஞ்சல்தலை சேகரிப்போர் இன்றும் அந்த எளிய தாள்களை ஆவலோடு தேடுகிறார்கள்.

இதற்குள் இரும்புப்பாதை வந்துவிட்டது. கடிதம் போகும் வேகத்தை இனி நிர்ணயித்தது ரயில். நேரத்தைக் காக்கும் திறமை என்ற பழைய மூலதனம் கைமாறிவிட்டது. எஞ்சியது சட்டப்பிரிவு. அந்தச் சட்டப்பிரிவுக்கு ஆதாரமான ஜெர்மன் கூட்டமைப்பின் பேரவை, 1816 முதல் பிராங்க்ஃபர்ட்டிலிருந்த தாக்சிஸ் அரண்மனையில்தான் கூடிவந்தது. கூட்டமைப்பு தாக்சிஸுக்குக் குடியிருப்போர். தாக்சிஸ் கூட்டமைப்பின் சட்டத்துக்குக் குடியிருப்போர்.

முடிவு: 1866–1867

1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டது. குடும்பத்தின் சார்பு வெளிப்படையானது: வாரிசான மாக்ஸிமிலியன் அன்டோன், ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் அக்கா ஹெலேனாவை 1858இல் மணந்திருந்தார், பிராங்க்ஃபர்ட்டில் அஞ்சல் நிர்வாகம் நடத்திய செய்தித்தாளும் ஆஸ்திரியாவை ஆதரித்தது. ஜூலையில் பிரஷ்யப் படை பிராங்க்ஃபர்ட்டில் நுழைந்தது. செய்தித்தாள் நின்றது, கூட்டமைப்பு கலைந்தது.

பிரஷ்ய அஞ்சல்துறை, ஹைன்ரிஷ் ஸ்டெஃபான் என்ற 35 வயது அதிகாரியைத் தலைமையகத்துக்கு அனுப்பியது. நிர்வாகத்தைக் கையில் எடுத்து, கணக்குகளைப் படித்து, வாங்கும் விலையைப் பேசியவர் அவர். 1867 ஜனவரி 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது: 30 லட்சம் தாலருக்கு அஞ்சல் முழுவதும் பிரஷ்யாவுக்கு. வென்ற அரசு பறித்துக்கொண்டிருக்கலாம்; விலை கொடுத்தது. 1815இன் இழப்பீட்டு விதி, அதை இயற்றிய கூட்டமைப்பு இறந்த பிறகும் இந்த அளவுக்கு வேலைசெய்தது. ஊழியர்கள் பிரஷ்யப் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கைமாற்றத்துக்கு ஐந்து நாள் முன்னர், ஜூன் 26இல், வாரிசு மாக்ஸிமிலியன் அன்டோன் 35 வயதில் இறந்தார். ஜூலை 1இல் தாக்சிஸ் அஞ்சல் முடிந்தது.

பின்விளைவு

ஸ்டெஃபான் பின்னர் பிரஷ்யாவின் தலைமையில் உருவான புதிய ஜெர்மன் பேரரசின் அஞ்சல் தலைவராகி, 1874இல் பெர்ன் நகரில் உலக அஞ்சல் ஒன்றியம் உருவாக முன்னின்றார். எல்லை எதுவானாலும் கடிதம் ஒரே ஒழுங்கில் போகவேண்டும் என்ற கருத்தை, பல சிற்றரசுகளின் நடுவே அஞ்சல் ஓட்டியவர்களின் கணக்கேடுகளைப் படித்தவர் நன்றாகவே உணர்ந்திருப்பார்.

குடும்பம் ரேகன்ஸ்பர்க்கின் மடத்தை அரண்மனையாக்கிக்கொண்டு காடும் நிலமும் மதுவடிசாலையுமாகத் தொடர்ந்தது. 1990இல் குடும்பத் தலைவர் இறந்தபின் கடனும் வாரிசு வரியும் சேர்ந்து அழுத்தவே, நகைகளும் பொருள்களும் ஏலத்துக்கு வந்தன. வரிக்கு ஈடாகப் பவேரியா ஏற்றுக்கொண்ட கலைப்பொருள்கள் ரேகன்ஸ்பர்க்கில் அருங்காட்சியகமாக உள்ளன. பிராங்க்ஃபர்ட் அரண்மனையை ஜெர்மன் அஞ்சல்துறையே வாங்கியது. 1944இன் குண்டுவீச்சில் அது அழிந்தது.

மாற்றிச் செய்திருக்கத்தக்கவை

நிலையக்காரர் கூலியை அரசரின் பணத்தோடு கட்டிவைத்ததே 16ஆம் நூற்றாண்டு நெருக்கடியின் வேர். மக்கள் கடிதங்களிலிருந்து வந்த கட்டணத்தில் ஒரு பங்கை, அது வசூலான நிலையத்திலேயே கூலிக்கென்று ஒதுக்கியிருந்தால், ஸ்பெயின் கடன் தீர்க்காத ஆண்டுகளிலும் வழி அறுந்திருக்காது. ஹெனோட் போன்றவர்களுக்கு இடமும் பிறந்திருக்காது. அவர்களால் அன்றே செய்ய முடிந்த மாற்றம் இது. ஆகவே இதைத் தவறு என்றே சொல்வேன்.

கடிதங்களைப் பிரித்த அறைகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பேரரசரிடம் மானியம் பெற்றவர் பேரரசரின் கட்டளையை மறுக்க எவ்வளவு இடம் இருந்தது என்பதைக் கணிக்க வேண்டும். மறுத்திருந்தால் மானியத்துக்கே ஆபத்து வந்திருக்கலாம். ஆனால் குறைந்தபட்சம் 1815க்குப் பிறகு, பேரரசர் இல்லாத காலத்தில், அந்த ஐயத்தை நீக்கக் குடும்பம் வெளிப்படையாக முயன்றிருக்க வேண்டும். தம் பைகளில் பிரஷ்யாவின் கடிதங்களும் போகின்றன என்பதை அறிந்தும் ஆஸ்திரியச் சார்பை மறைக்காத செய்தித்தாளை நடத்தியது, அஞ்சல்காரருக்குப் பொருந்தாத செயல்.

விற்பனையின் காலமே கடைசிக் கேள்வி. 1851இல் வூர்ட்டம்பெர்க் பணம் கொடுத்து அஞ்சலைப் பெற்றபோது, மற்ற அரசுகளும் ஒரு நாள் கேட்கும் என்பது தெரிந்துவிட்டது. அப்போதே, கூட்டமைப்பின் சட்டம் உயிரோடு இருந்தபோதே, எஞ்சிய வழிகளுக்கும் ஒவ்வோர் அரசோடும் தனித்தனியே பேசியிருந்தால், வாங்குவோர் பலராகவும் விற்பவர் ஒருவராகவும் இருந்திருப்பார்கள். 1867இல் வாங்குபவர் ஒருவரே. அவருடைய படை ஊருக்குள் நின்றது. தெரேஸ் 1806க்குப் பின் செய்ததைப்போல, இழக்கும்முன் ஒவ்வொன்றாக நிலமாக மாற்றும் வேலையை, அவர் 1839இல் இறந்த பிறகு, அந்தக் குடும்பத்தில் வேறெவரும் அதே விரைவோடு எடுத்துச் செய்யவில்லை.